அபிக்கு நேர்ந்ததும் ஆசிரியருக்குத் தெரிந்ததும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே, ரந்தாவ் பட்டணத்தை அண்டியிருந்த ஒரு தோட்டத்தில் தமிழ்ப்பள்ளி உபாத்தியாயனாக நான் காலங்கழித்த வருஷங்களில், கதை என்னும் வஸ்துவைப் பற்றி நான் கேட்ட விவாதங்களுள் மிக நுட்பமானவை, தொலைக்காட்சியில் அன்றைய தொடர் முடிந்து பெட்டியை அணைத்தபின், லயத்து வீடுகளின் முன்னே நீண்டு கிடக்கும் அஞ்சடியில், கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்த பெண்களும் இரண்டொரு முதியவர்களும் நிகழ்த்தியவையே என்று சொன்னால், இலக்கிய ரசனை புத்தகம் படித்தவர்களின் பிரத்தியேகச் சொத்து என்று எண்ணுவோர் நம்பத் தயங்கலாம். அவர்களுள் பலருக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆயினும் ஒரு பாத்திரத்துக்கு நேர்ந்த துன்பம் மெய்யானதா, அதை நேர்வித்த ஆசிரியர் யோசித்துச் செய்தாரா, யோசிக்காமல் செய்தாரா என்ற இரு வினாக்களையும் அவர்கள் பிடித்துக்கொண்டு விடாமல் ஆராய்ந்த விதம், பின்னாளில் நான் வாசித்த விமர்சனக் கட்டுரைகள் பலவற்றைக் காட்டிலும் எனக்குப் பயன்பட்டது.

அந்த வருஷங்கள் தோட்டத்துக்கு அந்திமக் காலம். கித்தா என்னும் ரப்பர் மரங்களைத் தீம்பார் தீம்பாராகச் சாய்த்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். நீலாய் ஒரு புதிய நகரமாக எழுந்திருந்தது. 1998-இல் மாநில எல்லைக்கு அப்பால் சிப்பாங்கில் பெரிய விமான நிலையம் திறந்ததிலிருந்து, அதைச் சுற்றிய நிலத்துக்கெல்லாம் விலை ஏறியிருந்தது. இளையவர்கள் விடிவதற்கு முன்பே தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிச் செனவாங் தொழிற்பேட்டைக்குப் போனார்கள். பால்வெட்டை விட்ட முதியவர்கள் வீட்டோடு இருந்தார்கள். மலேசியாவுக்குத் தொலைக்காட்சி வந்தது 1963 டிசம்பர் 28-ஆம் தேதி எனினும், எங்கள் தோட்டத்தில் அது நெடுங்காலம் மன்றத்துக்குள் இருந்த ஒரே பெட்டியாகவும், எப்போதாவது வரும் தமிழ்ப் படமாகவுமே இருந்தது. 1996-இல் ஆஸ்ட்ரோ தொடங்கியபின்தான், கொல்லையில் கோழிக்கூண்டும் கூரையில் வானத்தை நோக்கிய தட்டுமாக லயத்தின் தோற்றமே மாறிற்று. தமிழ்நாட்டுத் தொடர் நாடகங்கள் அந்தத் தட்டின் வழியே அன்றாடம் இறங்கி வந்து, சாப்பாட்டு நேரத்தையும் கல்யாணப் பேச்சு நேரத்தையும் கூடத் தம் இஷ்டப்படி மாற்றியமைக்கத் தொடங்கின.

முதலில் ராதிகாவின் 'சித்தி' வந்தது. அடுத்து, 2002-இல் தொடங்கிய 'மெட்டி ஒலி', தாயில்லாத ஐந்து பெண்களையும் அவர்களுடைய தகப்பனார் சிதம்பரத்தையும் எங்கள் லயத்தின் குடும்பங்களுள் ஒன்றாகவே சேர்த்துவிட்டது. இரண்டாம் மகள் சரோவை அவளுடைய மாமியார் ராஜம் படுத்திய பாட்டைக் கண்டு, ராஜமாக நடித்த சாந்தி வில்லியம்ஸ் அம்மையாருக்கு எங்கள் தோட்டத்துப் பெண்கள் கொடுத்த சாபங்களை இங்கே எழுதுவது நாகரிகமாகாது. 2003 இறுதியில் ஆரம்பித்து 2009 டிசம்பர் வரை ஆயிரத்து ஐந்நூறு அத்தியாயங்களுக்கும் மேலாக நடந்த 'கோலங்கள்'தான், வெறும் சாபத்தோடும் கண்ணீரோடும் நின்றிருந்த அந்த ரசிகர் கூட்டத்தை வாதப் பிரதிவாதம் செய்யும் சபையாக உயர்த்திற்று. தகப்பன் கைவிட்டுப் போன குடும்பத்தைத் தாங்கிய மூத்த மகள் அபி, பேராசை பிடித்த கணவனோடு வாழ முடியாமல் பிரிந்து, கட்டிடத் தொழிலில் இறங்கித் தன் காலில் நிற்கும் கதை அது. தேவயானி அபியாக நடித்தார். கதையை எழுதி இயக்கிய திருச்செல்வம், அபியின் தோழன் தொல்காப்பியனாகத் தாமே உள்ளே வந்து நின்றார். இந்த விஷயம் பின்னால் எங்கள் சபையில் பெரிய விவகாரமாயிற்று.

சபைக்குத் தலைமை என்று ஒருவரையும் நியமிக்கவில்லை என்றாலும், எல்லோரும் பெரியம்மா என்று அழைத்த ஒரு மூதாட்டிதான் தலைமை. பன்னிரண்டு வயதில் தாயோடு பால் மங்கு துடைக்கப் போனவர். ஓய்வு பெறும் வரை உளியைக் கீழே வைக்காதவர். எதிர்வீட்டில் செனவாங் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண் இருந்தாள். தோட்டத்து மருத்துவமனையில் இருந்து ஓய்வு பெற்ற டிரஸ்ஸர் ஐயா வாரத்துக்கு ஓரிரு முறை வருவார். இளமையில் தோட்டத்து மேடைகளில் அரிச்சந்திரனாக வேஷங்கட்டிப் பிற்காலத்தில் வெட்டுக்காரர்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்த ஒரு தாத்தாவும் தவறாமல் வருவார். நான் வாத்தியார் என்பதனால், படித்தவன் சாட்சியாக இருக்கட்டும் என்று எனக்கும் ஒரு நாற்காலி போடப்பட்டது.

முதல் வழக்கு, அபியின் மறுநாள் காலை பற்றியது. முந்தைய அத்தியாயத்தில் அவளுக்கு இடி விழுந்தாற்போன்ற ஒரு துரோகம் நேர்ந்து, அவள் தரையில் சாய்ந்து அழுதாள். அடுத்த அத்தியாயத்தில் கஞ்சி போட்ட பருத்திப் புடவையோடு அலுவலகத்தில் உட்கார்ந்து சிமெண்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். பெரியம்மா அதை ஏற்கவில்லை.

"இவளுக்கு நேத்து நடந்தது எங்க போச்சு வாத்தியாரே? எங்கப்பா சயாமுக்குப் போயிட்டு வந்தவரு. சாகுற வரைக்கும் பச்சத்தண்ணி வாயில வெச்சதில்ல. கொதிக்கிறத அவரே நின்னு பாக்கணும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் போத்தல்ல தண்ணி. யாரு என்ன சிரிச்சாலும் அதான். பட்டவனுக்கு அப்படி எதாவது ஒண்ணு ஒட்டிக்கிட்டே வரும். இவளுக்கு என்னா ஒட்டிக்கிச்சு? காட்டச் சொல்லு."

சயாம் மரண ரயில்பாதையைப் பற்றி அறியாத இளைய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஜப்பானியர் ஆட்சியில், தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்புப் பாதை போடுவதற்காக, மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை ஆசை காட்டியும் பலவந்தமாகவும் கொண்டுபோனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. அடிக்கும் பசிக்கும் தப்பியவர்களைக் காலரா கொண்டுபோயிற்று. கொதிக்க வைத்த நீரைக் குடித்தவர்கள் பிழைத்தார்கள். பெரியம்மாவின் தகப்பனார் முகாமைப் பற்றி மக்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லையாம். பேசாத அவ்வளவையும் அந்தத் தண்ணீர்ப் போத்தல் பேசிற்று. மனித உள்ளத்தில் பெருந்துன்பம் எவ்வாறு தங்குகிறது என்பதை விளக்கும் சாஸ்திரங்களில் இந்நாளில் நீண்ட வியாக்கியானங்கள் இருக்கின்றன; அவற்றின் சாராம்சத்தைப் பெரியம்மா தம் வீட்டு அடுப்பங்கரையிலிருந்தே எடுத்து வைத்துவிட்டார்.

செனவாங் பெண் அதற்கு ஆக்ஷேபம் சொன்னாள். அவளுடைய வாதமும் லேசானதல்ல.

"பெரியம்மா, அழுதுட்டு ஒருத்தி மறுநாள் வேலைக்குப் போவக்கூடாதா? என் நிச்சயதார்த்தம் நின்னுபோன மறுநாள் நான் காலை ஷிப்டுக்குப் போனேன். மூஞ்சியில மாஸ்க்கு, யாருக்கும் தெரியல. லீவு கேட்டா காசு போயிரும். அபி மாதிரி குடும்பத்தச் சுமக்கறவளுக்கு உக்காந்து அழுவ ஏது நேரம்? எழுதுறவரு அதைத்தான் எழுதியிருக்காரு."

இதைக் கேட்டு அஞ்சடியே சற்று நேரம் அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. தோட்டத்தில் சாவும் பிறப்பும் பெரட்டு என்னும் விடியற்கால ஆள்கணக்கை நிறுத்தியதில்லை என்பதை அறியாதார் அங்கே எவரும் இல்லை. பெரியம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சிறிது யோசித்தார். பிறகு அவர் சொன்னதை, இயன்றவரை அவருடைய சொற்களிலேயே தருகிறேன்.

"போனேன் கண்ணு, நானும் போனேன். என் ரெண்டாவது புள்ள காய்ச்சல்ல போன மூணாம் நாளு பெரட்டுல நின்னேன். என் மூஞ்சியப் பாத்து ஒருத்தரும் ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது. ஆனா அந்த மாசம் பூரா என் நெரையில மரத்துக்கு மரம் காயம். மண்டோரு ஏசுனாரு. என் கை என் பேச்சக் கேக்கல. அபி மூஞ்சி சிரிக்கட்டும், நான் வேணாங்கல. அவ கை எங்க தவறிப்போச்சுன்னு காட்டணுமா இல்லியா?"

அன்றைய மண்டோராக இருந்தவர் அந்த நாடகத் தாத்தாவே. அவர் தலையைக் குனிந்துகொண்டு சுண்ணாம்பு டப்பாவைத் தேடினார்.

நெரை என்பது ஒரு வெட்டுக்காரருக்கு உரிய மரவரிசை. பால்வெட்டு என்னும் தொழிலின் நுட்பம் தெரிந்தாலன்றி இந்தப் பதிலின் கனம் விளங்காது. சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி என்னும் ஆங்கிலேயர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மரத்தைக் கொல்லாமல் அதனிடமிருந்து பாலைப் பெறும் முறையைக் கண்டு வகுத்தார். மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் சரியும் ஒரு கோட்டை வெட்டி, ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டின் கீழ்விளிம்பில் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை மாத்திரம் சீவ வேண்டும். பால் நாளங்கள் செறிந்திருப்பது பட்டையின் உட்பகுதியில். அதற்கும் உள்ளே, மரத்தை ஒட்டி, புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. உளி அந்தப் படலத்துக்கு அருகே போனால்தான் பால் வரும். படலத்தைத் தொட்டுவிட்டாலோ காயம். காயம்பட்ட இடத்தில் பட்டை சமமாக வளராமல் முண்டு முண்டாகத் தடிக்கும். வெட்டிய பக்கத்தில் மறுபட்டை வளர்ந்து, பல வருஷங்களுக்குப் பின் மீண்டும் அங்கே உளி வைக்கும் காலம் வரும்போது, அந்த முண்டின்மேல் உளி ஓடாது. ஆகவே ஒரு மாதத்தில் எவ்வளவு பட்டை செலவாகலாம் என்பதை மரத்தின்மீதே குறியிட்டு வைப்பார்கள். அன்றாடம் ஒரு ஜீவனைக் கீறிப் பிழைக்கும் தொழிலில், கீறலுக்குக் கணக்கு வைப்பது தர்மமாகவும் இருந்தது, லாபமாகவும் இருந்தது.

தொடர் நாடகம் எழுதுகிறவரும் ஒரு பாத்திரத்தை அன்றாடம் கீறித்தான் கண்ணீரைச் சேகரிக்கிறார் என்பதை வெட்டுக்காரர்கள் நிறைந்த அந்தச் சபைக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "இப்பிடி வெட்டுனா மரம் ரெண்டு வருசம் தாங்காது" என்று பெரியம்மா ஒரு நாள் திரையைப் பார்த்தே சொன்னார். அபியின் மீது ஒரு மாதத்தில் விழுந்த இடிகள் அளவுக்கு மிஞ்சிவிட்டன என்பது அவர் கருத்து. துன்பம் மிகுந்தது என்பதற்காக அவர் இரக்கப்பட்டார் என்று நான் முதலில் நினைத்தேன். கேட்கக் கேட்க, அவருடைய ஆக்ஷேபம் சிக்கனம் பற்றியது என்று தெரிந்தது. ஒவ்வொரு காயமும் ஆறி அடையாளமாகி, அந்த அடையாளத்தின் மீது அடுத்தது விழுந்தால்தான் கதைக்கு வயது ஏறும். ஆறுவதற்கு முன்பே மேலும் மேலும் வெட்டினால் பாத்திரம் வற்றிப்போகும், பார்ப்பவனுக்கும் மரத்துப்போகும்.

இரண்டாம் வழக்கு, ஆசிரியரின் யோசனை பற்றியது. முடிவு அவருக்குத் தெரியுமா? நாடகத் தாத்தாவுக்கு இதில் சந்தேகமே கிடையாது. முடிவு தெரியாமல் மேடையேறுவது அவருடைய சித்தாந்தத்தில் பாபம். அவருடைய இளமையில் தோட்டத்துத் திருவிழாக்களில் அரிச்சந்திரனும் நல்லதங்காளும் பவளக்கொடியும் விடிய விடிய நடந்த காலத்தில், நல்லதங்காள் தன் மக்களைக் கிணற்றில் தள்ளப் போகிறாள் என்பது திரை விலகுவதற்கு முன்பே பால்குடிக் குழந்தைக்கும் தெரியும், தெரிந்தும் அழுதார்கள். தெரிந்த முடிவை நோக்கி நடப்பதனாலேயே வழியில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் கனம் உண்டாயிற்று என்பது அவருடைய வாதம். "சுடுகாட்டுக்குப் போறோம்னு தெரிஞ்சாத்தான் சந்திரமதியோட தாலி மேல கண்ணு போகும்" என்றார்.

டிரஸ்ஸர் ஐயா உலக ஸ்திதியை எடுத்துரைத்தார். வாரத்துக்கு ஐந்து நாள் ஒளிபரப்பு. விளம்பரம் போக ஒரு நாளைக்கு இருபது நிமிஷத்துக்கு அதிகமான சரக்கு வேண்டும். சென்னையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, காட்சிகளை எழுதிக் கொடுக்கக் கொடுக்கப் படம் பிடிக்கிறார்கள். பார்வையாளர் தொகை ஏறினால் கதை நீளும், இறங்கினால் சுருங்கும். ஒரு நடிகை கல்யாணமாகிப் போய்விட்டாலோ, சம்பளத் தகராறு வந்தாலோ, திரையின் அடியில் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி ஓடும், வேறொரு முகம் அதே சோகத்தைத் தொடர்ந்து அனுபவிக்கும். இப்படிப்பட்ட வியாபாரத்தில் யோசனைக்கு எங்கே இடம் என்று அவர் கேட்டார். அந்த 'இவருக்குப் பதில் இவர்' என்ற வரி எங்கள் சபையில் நெடுநாள் பரிகாசப் பொருளாக விளங்கிற்று. ஆயினும் செனவாங் பெண் அதிலும் ஒரு நுட்பத்தைக் கண்டாள். மாறி வந்த நடிகை பழையவள் பட்டதையெல்லாம் தெரிந்துகொண்டு நடிக்கிறாளா, அல்லது அன்றைக்குக் கொடுத்த வசனத்தை மட்டும் சொல்லுகிறாளா என்பதைப் புதுமுகம் வந்த முதல் வாரத்திலேயே தன்னால் சொல்ல முடியும் என்றாள். மாமியாரைக் கண்டதும் பழையவள் பின்வாங்கி நின்ற அந்த ஒரு அடியைப் புதியவளும் பின்வாங்குகிறாளா என்று பார்த்தால் போதுமாம்.

என் பங்குக்கு நான் 'பொன்னியின் செல்வ'னைக் கொண்டுவந்தேன். 1950 முதல் 1954 வரை மூன்றரை வருஷங்களுக்கும் மேலாகக் கல்கி அதை வாரந்தோறும் எழுதினார். கப்பலேறித் தாமதமாக வந்து சேர்ந்த இதழ்களை என் தகப்பனார் தோட்டத்து ஜனங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுவார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதையும், நந்தினியின் நெஞ்சில் அத்தனை விஷம் ஏறியதற்கு மூலகாரணம் எது என்பதையும் பற்றி அந்நாளில் நடந்த தர்க்கங்களை என் தகப்பனார் சொல்லி அறிவேன். கல்கிக்குச் சரித்திரம் ஒரு வரம்பு கட்டிக் கொடுத்திருந்தது. உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களையே பொறித்து வைத்திருக்கிறது. அருள்மொழி ஒரு நாள் ராஜராஜனாக வேண்டும் என்பதை எந்த வாசகனும் மாற்ற முடியாது. அவ்வளவு உறுதியான வரம்பிருந்தும், கதை முடிந்தபின் வாசகர்கள் எழுப்பிய கேள்விகளுக்காக அவர் ஒரு முடிவுரை எழுத வேண்டி வந்தது. வாரம் ஒரு முறை எழுதியவருக்கே அந்தக் கதி என்றால், நாள்தோறும் எழுதுகிறவரின் பாட்டை நாம் சற்றே அனுதாபத்தோடு பார்க்க வேண்டாமா என்றேன். 'கோலங்கள்' தொடரைத் தயாரித்தது விகடன் குடும்பத்தின் நிறுவனம். அந்தக் குடும்பத்துப் பத்திரிகையில்தான் ஐம்பதுகளில் 'தில்லானா மோகனாம்பாள்' தொடராக வந்து இதே போன்ற ஆவலைக் கிளப்பியிருந்தது என்பதையும் சொல்லி வைத்தேன். தொடர்கதை படித்த வீட்டின் பிள்ளைகள்தாம் தொடர் நாடகம் பார்க்கிறார்கள். சண்டையும் பழைய சண்டைதான்.

இந்தத் தறுவாயில்தான் தொல்காப்பியன் விவகாரம் எழுந்தது. கதையை எழுதுகிறவரே அபியின் பக்கத்தில் தோழனாக நிற்கிறார் என்ற செய்தியை டிரஸ்ஸர் ஐயா எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னவுடன், பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாம் தெரிந்தவன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறானே, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். நாடகத் தாத்தா உடனே இதிகாசத்துக்குப் போனார். வியாசர் மகாபாரதத்தை இயற்றியவர். திருதராஷ்டிரனுக்கும் பாண்டுவுக்கும் ஜனகரும் அவரே. தம் பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் கொன்றொழிவதைக் கதைக்குள்ளே இருந்தபடியே பார்த்தார், தடுக்கவில்லை. வால்மீகியோ, காட்டில் விடப்பட்ட சீதைக்குத் தம் ஆசிரமத்தில் இடம் கொடுத்தார். அவளுடைய துன்பத்தை அவராலும் மாற்ற முடியவில்லை, ஆனால் அவளுடைய மக்களுக்கு அந்தக் கதையைக் கற்பித்து, உரியவன் முன்னிலையில் பாட வைத்தார். ஆசிரியன் கதைக்குள் வருவதற்கு இப்படி இரண்டு வழிகள் உண்டு என்று தாத்தா தீர்ப்பளித்தார். செனவாங் பெண் தொல்காப்பியனுக்காகப் பரிந்து பேசினாள். துன்பத்தை நீக்குகிறவன் கதையில் வேண்டுமானால் கிடைப்பான்; வாழ்க்கையில் கிடைப்பது அதிகபட்சம் பக்கத்தில் நிற்கிறவன்தான்; அப்படி ஒருவனை எழுதியதற்காகவே அந்த மனிதருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றாள். பெரியம்மா இதை மறுக்கவில்லை. "நிக்கட்டும். நின்னவன் பாத்ததை மறக்காம இருந்தாச் சரி" என்றார்.

அந்த ஒரு வாக்கியம், இரண்டு வழக்குகளையும் ஒன்றாக முடிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. அதன் உரைகல்லாக வந்தது ஆதியின் கதை. அபியின் தொழில் எதிரியாக வளர்ந்து அவளை அழிக்க முனைகிற ஆதி, அவளைக் கைவிட்டுப் போன அதே தகப்பனின் இன்னொரு மகன் என்று தெரியவந்தபோது, இது முதலிலேயே போட்ட முடிச்சா, நடுவில் கிடைத்த யுக்தியா என்று அஞ்சடி இரண்டுபட்டது. டிரஸ்ஸர் ஐயா, இடையில் தோன்றிய யோசனைதான் என்று சாதித்தார். தாத்தா, தொடக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டும் என்றார். பெண்கள் வேறு மார்க்கத்தைப் பின்பற்றினார்கள். கதை தொடங்கிய காலத்துக் காட்சிகளை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தார்கள். சிரம்பான் கடையில் வாங்கிவந்த குறுந்தகடுகளைப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. தகப்பனைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் அபியின் தாய் கற்பகம் பேச்சை நிறுத்தும் விதம், அபி தன்னைவிட மூத்த ஆண்களிடம் உதவி கேட்பதற்கு முன் தயங்கும் விதம், இவையெல்லாம் அன்றே இருந்தனவா என்று தேடினார்கள். பல இருந்தன என்றும், சில இல்லை என்றும் முடிவு செய்தார்கள். ஆசிரியருடைய மனத்தில் என்ன இருந்தது என்று ஊகிப்பதில் அவர்கள் நேரத்தைச் செலவிடவில்லை. கைவிட்டுப் போன தகப்பன் என்னும் பழைய காயத்திலிருந்தே இந்தப் புதிய எதிரி முளைத்திருக்கிறான். ஆகையால், எப்போது தோன்றிய யோசனையாக இருந்தாலும், எழுதியவர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதியிருக்கிறார் என்பதே அவர்களுடைய தீர்ப்பு.

இதை நான் பல இரவுகள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஆசிரியரின் திட்டம் என்று நாம் சொல்லும்போது, வரப்போவதை முன்கூட்டி வரைந்து வைத்திருக்கும் படம் ஒன்றையே நினைக்கிறோம். அத்தகைய படம் இதிகாச கர்த்தாவுக்கு வாய்க்கும். சரித்திரக் கதை எழுதுகிறவருக்கு ஓரளவு வாய்க்கும். நாள்தோறும் ஒரு துண்டு கதையை விளம்பரக்காரருக்கு நடுவே வைத்து விற்க வேண்டியவருக்கு வாய்ப்பது அரிது. அவருக்கு எஞ்சியிருக்கும் ஒரே திட்டம் ஞாபகந்தான். முன்னே வருவது தெரியாவிட்டாலும், பின்னே நேர்ந்தவற்றுள் ஒன்றையும் தவறவிடாமல் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வரியை எழுதுகிறவருடைய கதை, முடிவு தெரிந்து எழுதியது போன்ற திடத்தைத் தானே பெற்றுவிடும். பாத்திரத்தின் மனக்காயம் மெய்யானதா என்ற கேள்வியும், ஆசிரியர் யோசித்து எழுதினாரா என்ற கேள்வியும் ஒரே கேள்வியாவது இவ்விடத்தில்தான். பட்டதை மறக்காத பாத்திரத்தைப் படைக்க வேண்டுமானால், படுத்தியதை மறக்காத ஆசிரியர் வேண்டும்.

இந்த ஞாபகத்தின் மீது அவர்களுக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் என்பதையும் நான் யோசித்ததுண்டு. அவர்களுடைய வாழ்க்கைக் கதையை எழுதியவர்கள் எப்போதும் வேறிடத்தில் இருந்தார்கள். ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, தோட்டப் பாட்டாளிகளை அந்தத் துண்டாடலிலிருந்து காக்கவே, இந்தியர் தலைவரான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார் என்பது சரித்திரம். பிற்பாடு கித்தா போய்ச் செம்பனை வந்ததும், செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்ததும், லயத்து ஜனங்களைக் கேட்டுக்கொண்டு நடந்தவையல்ல. இந்த மாற்றங்களையெல்லாம் அவர்கள் கசப்பின்றி எடுத்துக்கொண்டார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அடுத்து என்ன நேரப்போகிறது என்று தங்களுக்குச் சொல்லவில்லையே என்பதைக் காட்டிலும், இதுவரை நேர்ந்தது ஒருவருக்கும் ஞாபகமில்லையே என்பதே அவர்கள் பேச்சில் அதிகம் கேட்ட தாங்கல். அதனால், யாரோ ஒருவர் எழுதும் கதையில் யாரோ ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததையாவது எழுதியவர் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தியதில் ஆச்சரியமில்லை.

2009 டிசம்பரில் 'கோலங்கள்' முடிந்தது. முடிவைப் பற்றி இருவேறு அபிப்பிராயங்கள் இருந்தன. ஆறு வருஷத்துக் கதையை முடிக்க எந்த முடிவும் போதாது என்பதில் மாத்திரம் கருத்து வேற்றுமை இல்லை. இறுதித் தீர்ப்புக் கேட்டபோது பெரியம்மா தொடரின் குறைகளை வரிசையாகச் சொன்னார்: எந்தெந்தக் காயத்தை ஆசிரியர் பாதியில் மறந்தார், எந்தத் தங்கையின் கண்ணீருக்குப் பதில் சொல்லாமல் விட்டார், எங்கே ஒரே துரோகத்தை ஆள் மாற்றி மூன்று முறை வெட்டினார் என்று ஒன்றுவிடாமல் அடுக்கினார். அடுக்கிவிட்டு, "அவனும் நெரை புடிச்சவன்தானே வாத்தியாரே. மழையோ வெயிலோ, அன்னிக்குள்ள பாலை அன்னிக்கு எடை போட்டாகணும். அந்தக் கையில இவ்வளவு ஞாபகம் இருந்ததே பெருசு" என்றார். தொழிலாளி ஒருவரைத் தொழிலாளி ஒருவர் மதிப்பிட்ட அந்த நியாயத்தில், கண்டிப்பும் இருந்தது, தயையும் இருந்தது. 2010-இல் திருமுருகனின் 'நாதஸ்வரம்' தொடங்கியபோது, முதல் வாரத்திலிருந்தே யார் யாருக்கு என்ன நேர்ந்தது என்று கவனித்து வைத்துக்கொள்ளும்படி செனவாங் பெண்ணிடம் அவர் சொல்லிவிட்டார்; பின்னால் ஆசிரியர் மறந்தால் கேட்பதற்கு ஒருவராவது வேண்டுமாம்.

ஓய்வுக்குப் பிறகு, சிறுகதைப் போட்டிகளுக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துச் சொல்லும் வேலை சில சமயம் எனக்கு வாய்ப்பதுண்டு. அவற்றில் சாவும் துரோகமும் கற்பழிவும் கணக்கின்றி நிகழ்கின்றன. எழுதுகிற இளைஞர்கள், கதை முழுவதையும் முன்னாலே யோசித்துவிட்டு எழுத வேண்டுமா, எழுத எழுத யோசிக்கலாமா என்று என்னைக் கேட்கிறார்கள். அது அவரவர் சௌகரியம் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் பக்கத்தில் அவர்கள் ஒருத்திக்குச் செய்த கொடுமை ஏழாம் பக்கத்தில் அவள் தண்ணீர் குடிக்கும் விதத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லையென்றால், வேறு எத்தனை சிறப்புகள் இருந்தபோதிலும், பிரதியைத் திருப்பிக் கொடுத்து, மூன்றாம் பக்கத்தையாவது எடுத்துவிடுங்கள், அல்லது ஏழாம் பக்கத்தையாவது திருத்தி எழுதுங்கள் என்று சொல்லுகிறேன். ஒரு பாத்திரத்துக்குத் துன்பம் இழைப்பது ஆசிரியருக்குள்ள சுதந்திரம். இழைத்ததை மறந்துவிடும் சுதந்திரம் அவருக்குக் கிடையாது.